ஒச்சம்மாள் வீட்டு போன்

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் நுழைந்துவிட்டால் செல்போன் வெறும் கடிகாரம்தான். இரண்டு பக்கமும் பழைய கிடங்குகள். மிளகும் சுக்கும் அடுக்கிய காலத்தில் எழுப்பிய தடித்த சுவர்கள். நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். பேச வேண்டுமென்றால் சந்து முனைக் குழாயடிக்குப் போய் நிற்க வேண்டும். அங்கே நின்று பேசினால் வீட்டு விஷயம் எதுவும் வீட்டு விஷயமாக இருக்காது. மருமகள் குளிக்காமல் இருப்பது முதல் மாமனாருக்கு மூலம் வந்தது வரை எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குழாயடியில் தெரிந்ததுதான்.

ஊரே லேண்ட்லைனைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகும் என் அடுத்த வீட்டு ஒச்சம்மாள் மட்டும் அதை விடாமல் வைத்திருந்தாள். ரேஞ்ச் இல்லாதது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு.

ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். வீரபாண்டியைக் கட்டிக்கொண்டு சின்ன வயதில் இங்கே வந்தவள். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. மலையாளத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, சண்டை போட்டுக் கற்றாள். கையுறை தராத மேஸ்திரியோடு கொஞ்சம், மீன் கழிவை நடுரோட்டில் கொட்டுகிற கடைக்காரரோடு கொஞ்சம் என்று சேர்த்துச் சேர்த்து, இப்போது அவள் வாயைத் திறந்தால் இங்கே பிறந்தவர்களே ஒதுங்கி நிற்பார்கள். ஒன்றை முடிப்பதென்று இறங்கிவிட்டால் முடியும்வரை தலைமுடியைக்கூட அவிழ்த்துக் கட்ட மாட்டாள். எனக்கு அவளிடம் பிடித்ததும் அதுதான், எரிச்சல் தருவதும் அதுதான்.

வீரபாண்டி அண்ணனுக்கும் கார்ப்பரேஷன் வேலைதான், ஓடை சுத்தம் செய்வது. குனிகிறபோதெல்லாம் சட்டைப் பையிலிருந்து செல்போனை ஓடைக்குத் தாரை வார்த்துவிட்டு, இனி அந்தச் சனியனே வேண்டாம் என்று விட்டவர். நல்ல மனிதர். ஆனால் ரோஷம் இருக்கிறதே, அது அவர் உயரத்துக்குப் பொருந்தாத அளவு பெரியது.

அந்த ரோஷம்தான் கதை. ஊரில் அவருக்கு ஒரே அக்கா, மூக்கம்மாள். தாயில்லாப் பிள்ளையான தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தன் மகன் அருண்பாண்டிக்குத் தம்பி மகள் ஸாதனாவைக் கேட்டாள். முறைப்படி கேட்டது, தப்பில்லை. ஆனால் ஸாதனா திருப்பூணித்துறையில் ஒரு பையனை விரும்பினாள். அவனுக்கே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மூக்கம்மாள் கல்யாணத்துக்கு வரவில்லை. "எனக்குத் தம்பி இல்லை" என்று அங்கே சொன்னாள். "எனக்கு அக்கா இல்லை" என்று இவர் இங்கே சொன்னார். அதோடு பேச்சுவார்த்தை நின்று சில வருஷம் ஆகிவிட்டது.

இப்போது மூக்கம்மாளுக்கு உடம்பு சரியில்லை, படுக்கையில் கிடக்கிறாள் என்ற செய்தி வந்தது. சொன்னவள் பள்ளுருத்தியில் இருக்கிற பாண்டிச்செல்வி. இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரி, இரண்டு பக்கமும் சாயா குடிப்பவள். வீரபாண்டி கேட்டும் கேட்காதவராக எழுந்து கொல்லைப் பக்கம் போனார்.

ஒச்சம்மாளுக்கு அன்று பிடித்தது ஒரே கவலை. அவர்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்த வேண்டும். அதன் பிறகுதான் தூக்குவார்கள். வெட்டுக் குத்து என்று பகை இருந்தாலும் கோடி மட்டும் போயே தீரும். உயிரோடு இருக்கிற அக்கா வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்த வீரபாண்டியும் கோடி போடமாட்டேன் என்று சொன்னதில்லை. ஆனால் அதற்கு முறையாகச் சொல்லிவிட வேண்டும். செத்த வீட்டிலிருந்து நேராக இந்த வீட்டுக்குச் சாவுச் செய்தி, அதாவது கேதம், சொல்ல வேண்டும். பாண்டிச்செல்வி வாய்வழியாக வந்தால் அது சொன்ன கணக்கில் சேராது. சொல்லாத கேதத்துக்கு இவர் போக மாட்டார். அவ்வளவு பெரிய ரோஷம்.

அருண்பாண்டியிடம் இருப்பது அந்த லேண்ட்லைன் நம்பர் மட்டும். அவனுக்கும் கோபம் ஆறவில்லை. ஒரு தடவை அடிப்பான். எடுக்காவிட்டால், "சொன்னோம், எடுக்கலை" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுத் தூக்கிவிடுவான். இதுதான் ஒச்சம்மாளின் பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அம்மா செத்தபோது தாய்மாமனுக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை. பொழுது சாயும்வரை உடம்பைப் போட்டு வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் யாரோ ஒரு பங்காளி கொண்டுவந்த சேலையைப் போர்த்தித் தூக்கினார்கள். ஒச்சம்மாள் இதை என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. "எங்க அம்மா பொறந்த வீடு இல்லாதவ மாதிரிப் போனா புள்ள. என் கண்ணு முன்னாடி இன்னொரு பொம்பள அப்படிப் போகக் கூடாது" என்றாள். அவள் அழவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் போன் செத்தது. எங்கள் பக்கம் கடல் ஏறும் நாட்களில் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். வேலியேற்றம் என்பார்கள். அந்த உப்புத் தண்ணீர் பூமிக்குள் ஓடும் செம்புக் கம்பியை வருஷா வருஷம் தின்று, இந்தத் தடவை முழுசாக முடித்துவிட்டது. புகார் சொன்னால், இனி செம்புக் கம்பியே போடுவதில்லை, வேண்டுமென்றால் ஃபைபர் இன்டர்நெட் எடுத்துக்கொள்ளுங்கள், அதிலேயே போனும் பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"எங்க வீட்டுல இன்டர்நெட் எதுக்கு" என்றார் வீரபாண்டி. "போனுக்கு" என்றாள் ஒச்சம்மாள். பேச்சு அதோடு முடிந்தது.

ஆனால் புது இணைப்புக்குப் புது நம்பர்தான் தருவோம் என்றார்கள். அவளுக்கு வேண்டியது பழைய நம்பர். வேலை முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பஸ் ஏறி எர்ணாகுளத்துக்கு டெலிபோன் ஆபீசுக்குப் போனாள். ஒரு ஜன்னலில் இன்னொரு ஜன்னலைக் காட்டினார்கள். அந்த ஜன்னலில் நாளை வரச் சொன்னார்கள். மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும். ஒரு தடவை துணைக்கு நானும் போனேன். பழைய நம்பருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அங்கிருந்த அம்மா கேட்டார். "ஒரு சாவுக்குச் செய்தி வரணும்" என்று ஒச்சம்மாள் மலையாளத்தில் சொன்னாள். அந்த அம்மா கம்ப்யூட்டரில் எதையோ தட்ட ஆரம்பித்தார். நம்பர் கிடைத்தது.

இணைப்புப் போட வந்தவர் அபிலாஷ். பள்ளுருத்திக்காரர், மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். பாதி மலையாளம், பாதி தமிழ் என்று அவருக்கு ஒரு பாஷை. முடி மாதிரி மெல்லிய கண்ணாடி நாரை கிடங்குச் சுவரோடு இழுத்து வந்து ஒரு வெள்ளைப் பெட்டியில் சொருகினார். பெட்டியின் பின்னால் போனுக்கென்று தனி ஓட்டை. அதில் புதுப் போனின் வயரை மாட்டினார். இன்டர்நெட் விளக்கு எரிந்தது, போன் விளக்கு எரியவில்லை. நம்பர் இன்னும் பெட்டியில் ஏறவில்லை என்றார். குழாயடிக்குப் போய் ஆபீசைக் கூப்பிட்டு, நீளமான பாஸ்வேர்டைக் கேட்டு வந்து, தன் லேப்டாப்பில் தட்டிவிட்டுப் பெட்டியை அணைத்துப் போட்டார். ஒச்சம்மாள் சட்டியில் மீன் குழம்பு கொதிக்கிறதா என்று பார்ப்பது போல அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சையாக எரிந்தது.

என்னைக் குழாயடிக்கு ஓடச் சொன்னாள். நான் அங்கிருந்து செல்போனில் அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "நல்லா கேக்குது, வந்துரு" என்றாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து வீரபாண்டியின் கூத்து ஆரம்பமானது. அக்கா இல்லை என்று சொன்ன மனிதர் காலையில் எழுந்ததும் துண்டால் அந்தப் பெட்டியைத் துடைப்பார். சாயா குடிக்கும்போது பெட்டி தெரிகிற மாதிரி ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்காருவார். பச்சை எரியுதா என்று ஒச்சம்மாள் கேட்டால், எனக்கென்ன தெரியும் என்பார். இவ்வளவு கஷ்டப்படுவதற்கு ஒரு தடவை எடுத்துப் பேசித் தொலைத்தால் என்ன என்று எனக்கு வாய் வரை வந்தது. சொல்லியிருக்கலாம். அடுத்த வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டேன்.

நம்பரும் வந்தது, பெட்டியும் வந்தது. பிசகு வேறு இடத்தில் இருந்தது. எங்கள் சந்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த பழக்கம் ஒன்று உண்டு. கடல் ஏறும் மாதங்களில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போனால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவோம். ஆள் இல்லாத நேரத்தில் தண்ணீர் ஏறிக் கீழே இருக்கிற பிளக்கைத் தொட்டுவிட்டால், திரும்பி வந்து கதவைத் திறந்து காலை வைப்பவர் கதி அவ்வளவுதான். இருவரும் இருட்டு விலகாத நேரத்திலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பழைய போன் இருந்தபோதும் தினமும் மெயினை அணைத்துவிட்டுத்தான் போனார்கள், அதற்கு எதுவும் ஆகவில்லை. அந்தக் கம்பியிலேயே அதற்கு வேண்டிய கரன்ட் வந்துவிடும். புதுப் பெட்டி அப்படி இல்லை என்று யாரும் சொல்லவும் இல்லை, இவர்கள் கேட்கவும் இல்லை. அவர்கள் வீட்டில் இருக்கும்போது பச்சை எரிந்தது. வெளியே போன நேரமெல்லாம் போன் செத்துக் கிடந்தது.

தெரியவைத்தவள் பாண்டிச்செல்வி. ஒரு சாயங்காலம் மூச்சு வாங்க வந்து நின்றாள். மூக்கம்மாளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிழைக்க மாட்டாள் என்று நினைத்து அருண்பாண்டி பகலில் இந்த நம்பருக்கு அடித்திருக்கிறான். போகவில்லை. மறுபடி அடித்தும் போகவில்லை. அப்புறம் எப்படியோ தேறி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். "எங்க மாமன் போனையே கழட்டிப் போட்டுட்டாரு போலன்னு அருண்பாண்டி சொல்லிக்கிட்டுத் திரியறான்" என்றாள்.

ஒச்சம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம். மூக்கம்மாள் அன்றே போயிருந்தால்? வீரபாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் ஆடியது. நான் பார்க்காத மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் அபிலாஷைக் கையோடு பிடித்து வந்தாள். அவர் மெயினை அணைத்துக் காட்டினார். பச்சை விளக்கு அணைந்தது. "சேச்சி, பழைய லைன்ல கரன்ட் எக்ஸ்சேஞ்சுல இருந்தே வரும். இது நம்ம வீட்டுக் கரன்ட்ல ஓடற சாதனம். மெயின் போனா போனும் போகும், அத்ரயே உள்ளு, அவ்வளவுதான்" என்றார்.

அப்படியானால் மெயினை இனி அணைக்கவே வேண்டாம் என்றாள் ஒச்சம்மாள். அணைத்தே ஆக வேண்டும் என்றார் வீரபாண்டி. தண்ணீரில் கரன்ட் அடித்துக் கிடந்த ஒரு ஆளை அவரே தூக்கியிருக்கிறார். அன்றிலிருந்து மெயின் விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. அக்கா செய்தி வர வேண்டுமென்று என் பொண்டாட்டியைக் கொல்லவா என்று கேட்டார். அந்த வீட்டில் 'அக்கா' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. அது வந்ததை அவரே கவனிக்கவில்லை.

வழி சொன்னவர் அபிலாஷ்தான். இந்தப் பெட்டிக்கென்றே சின்ன பேட்டரி இருக்கிறது, வீட்டில் கரன்ட் இல்லாவிட்டாலும் ஒரு பகல் தாங்கும்படி பெரிதாகவே வாங்கலாம் என்றார். பேட்டரியிலும் ஷாக் அடிக்குமே என்று வீரபாண்டி விடவில்லை. இது ஆளைக் கொல்லுகிற அளவு கரன்ட் இல்லை, வெளியே இருந்து வரும் நாரும் வெறும் கண்ணாடி, அதில் வெளிச்சம்தான் போகிறது என்று அபிலாஷ் பொறுமையாகச் சொன்னார். நம்புகிற முகமாக இல்லை. கடைசியில் ஒச்சம்மாள் ஸ்டூலில் ஏறி, சாமிப் படங்கள் இருந்த மேல் பலகையைக் காலி செய்தாள். முருகனும் மாரியம்மனும் பீரோ மேல் போனார்கள். அந்த இடத்தில் பெட்டியும் பேட்டரியும் போனும் ஏறின. மெயினை அணைத்தாள். பச்சை எரிந்தது. நாலு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதன் பிறகும் அவளுக்குத் திருப்தியில்லை. ஆள் இல்லாத நேரத்தில் அடித்தால் யார் எடுப்பது என்ற கேள்வி இருந்தது. அது என் தலையில் விழுந்தது. எனக்குத் தையல் வேலை, பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பேன். சாவியை என்னிடம் கொடுத்து, மணி கேட்டால் ஓடி எடு என்றாள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா என்ன, இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் முடியவில்லை. மிஷினை மிதிக்கிறபோதெல்லாம் ஒரு காது அந்த வீட்டிலேயே கிடந்தது.

கார்த்திகை மாதம் கடல் நன்றாகவே ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து காலைக் கீழே வைத்தால் தண்ணீர். என் வீடு இன்னும் தாழ்வு. தைக்க வந்த துணிகளைத் தூக்கிக்கொண்டு ஒச்சம்மாள் வீட்டுக் கட்டிலுக்குப் போய்விட்டேன். அவர்கள் கட்டில் கல் வைத்து உயர்த்தியது. வீரபாண்டி மெயினை அணைத்துவிட்டுக் கைலியை மடித்துக் கட்டி வாளியால் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தார். எத்தனை இறைத்தாலும் அது திரும்பி வரும். அது அவருக்கும் தெரியும்.

போன் அடித்தது.

வாளி அவர் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் மிதந்தது. அது என்ன போன் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒச்சம்மாள்தான் முதலில் நகர்ந்தாள். ஸ்டூலில் ஏறி, கை ஈரமாக இருந்ததால் ரிசீவரைத் தொடாமல் ஸ்பீக்கர் பொத்தானை முழங்கையால் அழுத்தினாள்.

"யாரு, ஒச்சம்மாளா?"

பலவீனமான குரல்தான், ஆனால் உயிருள்ள குரல். ஒச்சம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி" என்றாள். "நீங்களா பேசறீக?"

"நான்தேன். என்னமோ பெட்டி, பேட்டரின்னு மாட்டிக்கிட்டு உக்காந்துருக்கீகளாமே, என் சாவைக் கேக்க. செல்வி சொன்னா. எங்க உன் புருசன்?"

"இங்கனதான் நிக்கிறாரு."

"பேச வேணாம். கேட்டா போதும்." குரல் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி வந்தது. "நான் செத்தா அவன் கோடி கொண்டாருவான்னு எனக்குத் தெரியும். அதை நானா பாக்கப் போறேன், ஊருல பாப்பாங்க. எனக்கு இப்பக் கண்ணு தெரியுது தம்பி. கோடியெல்லாம் வேணாம். வெறுங்கையோட வா, நான் உன்னப் பாக்கணும்."

வீரபாண்டி முழங்காலளவு தண்ணீரில் நின்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கடைசியில் ஸ்டூல் பக்கம் வந்து, அண்ணாந்து பெட்டியைப் பார்த்து, சின்னப் பையன் மாதிரி, "கஞ்சி குடிச்சியாக்கா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் மூக்கம்மாள் அழுவது கேட்டது. இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர்.

தண்ணீர் வடியட்டும் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கட்டில் மேலே நின்றே சேலை மாற்றினாள் ஒச்சம்மாள். வீரபாண்டி ஈரக் கைலியை ஒரு பையில் திணித்தார். எர்ணாகுளத்தில் பஸ் ஏறுமுன் அவர் நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் போய் நின்றிருக்கிறார். வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போய்ப் பழக்கமில்லாத மனிதர். ஒச்சம்மாள் கையைப் பிடித்து இழுத்து வந்தாளாம். "மதினி என்ன சொன்னாக, காதுல விழலையா?" என்று கேட்டாளாம். இதெல்லாம் அவள் பிறகு சொன்னது.

போனவர்கள் உடனே திரும்பவில்லை. இரண்டு பேரும் லீவு சொல்லி அங்கேயே இருந்துவிட்டார்கள். நான் அவர்கள் வீட்டைக் கழுவி, சாமிப் படங்களைத் துடைத்து வைத்தேன். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி ஏறட்டும் என்று மெயினைப் போட்டேன், பெட்டியைத் தொடவில்லை. பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. ஓடினேன். ஒச்சம்மாள்தான். எனக்குச் செல்லில் அடித்தால் வீட்டுக்குள் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

"மதினி போயிட்டாக புள்ள" என்றாள். குரல் நிதானமாக இருந்தது. "கார்ப்பரேஷன்ல சொல்லிரு. பள்ளுருத்திக்கு நீயே நேராப் போயி செல்விகிட்டச் சொல்லு, போன்ல சொல்லாத."

சரி என்றேன். அவள் வைக்கப் போகிறாள் என்று தெரிந்து, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கோடி போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டேன். பின்னாலிருந்து ஒப்பாரிச் சத்தம் வந்தது.

"போட்டுட்டாரு" என்றாள். "பொறந்த வீட்டுக் கோடி வரட்டும்னு யாரும் காத்துக் கிடக்கல. உசுரு போகையில அவுக கையி இவரு கைக்குள்ளதான இருந்துச்சு."